ஆகாசவாணியின் ஒரு நாளும் நாம் கேட்கும் ஐந்து நிமிடமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் ஒரு காரியம் செய்தோம். பழைய டிரான்சிஸ்டர் ஒன்றையும் இளைய தோழர் ஒருவரின் கைப்பேசியையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, விடியற்காலை தொடங்கி இரவு படுக்கும் வரை ஆகாசவாணியைக் கேட்டோம். முறை வைத்துக் கேட்டோம். இரவு ஷிப்டு முடித்து வந்தவர்கள் காலையில் உட்கார்ந்தார்கள். சமையல் வேலைக்குப் போகும் தாய்மார்கள் பகலில் வந்தார்கள். பிள்ளைகள் அவ்வப்போது எட்டிப் பார்த்து, "கிரிக்கெட் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். யார் என்ன கேட்டார்கள் என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தோம்.

இதற்குக் காரணம் செயற்குழுவில் எழுந்த வாக்குவாதம். "வானொலியை இன்றைக்கு யார் கேட்கிறார்கள்? அதற்காக மனுக் கொடுப்பது வெட்டி வேலை" என்று இளைஞர்கள் சொன்னார்கள். "முதலில் அவர்கள் நமக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள் தம்பி" என்றார் மூத்தவர் ஒருவர். இருவருமே பாதி சரி என்பதுதான் அந்த ஒரு நாளில் எங்களுக்குத் தெரிந்தது. எஞ்சிய பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நிலையம் திறக்கும்போது வரும் அந்த இசையை அறியாத தமிழர் இருக்க முடியாது. தம்பூரா ஒலியும் அதன்மேல் இழையும் வயலினும் கேட்டு ஐந்து தலைமுறை கண்விழித்திருக்கிறது. அதை அமைத்தவர் யார் என்று கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு தேடிப் பார்த்தோம். வால்ட்டர் காஃப்மன் என்ற யூதர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1934-இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர். இந்த ஊரில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, வானொலி நிலையத்தில் வேலை பார்த்து, 1946-இல் வெளியேறினார். இந்தியா முழுவதையும் எழுப்பிய இசை, பிழைக்க வந்த ஓர் அகதி பம்பாயில் இருந்து கொடுத்த இசை! ஆகாசவாணியின் சரித்திரத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் ஒலியிலேயே நாம் இருக்கிறோம்.

அந்தப் பெயரும் அப்படித்தான். 'ஆகாசவாணி' என்பது தில்லியில் பிறந்த பெயர் என்று நம்மவர் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1935-இல் மைசூரில் கோபாலசுவாமி என்ற மனோதத்துவப் பேராசிரியர் தம் வீட்டில் தொடங்கிய சிறு வானொலிக்கு வைத்த பெயர் அது. அடுத்த ஆண்டு, 1936-இல், அரசு வானொலிக்கு 'ஆல் இந்தியா ரேடியோ' என்று பெயர் வந்தது. பிற்பாடு தில்லி அந்த மைசூர்ப் பெயரையும் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 'வானொலி என்று சொல்' எனப் போராட்டம் நடந்ததும், 2023 மே மாதத்தில் இனி ஆங்கிலத்திலும் 'ஆகாசவாணி' என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தபோது தமிழகத்திலிருந்து எதிர்ப்பு எழுந்ததும் நாம் அறிந்தவை. பெயர்ச் சண்டை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பெயரால் அழைத்தாலும் அந்தப் பெட்டி யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

காலை ஏழே கால் மணி வந்ததும் அறையிலிருந்த மூத்தவர்கள் எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி." தில்லியிலிருந்து வந்த அந்தக் குரலுக்கு ஊர்க் கடிகாரங்கள் திருத்தப்பட்டன. டீக்கடைகளில் அந்தக் குரல் முடிந்த பிறகுதான் அரசியல் தொடங்கும். அந்த அம்மையார் வளர்ந்தது இந்த பம்பாயில்தான் என்பதும், 2022 ஆகஸ்டு 13 அன்று மறைந்ததும் இந்த மும்பையில்தான் என்பதும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய சேதி. தமிழ்நாட்டின் குக்கிராமம் வரை நாட்டு நடப்பைக் கொண்டு சேர்த்த குரல் ஒரு பம்பாய்த் தமிழ்ப் பெண்ணின் குரல். அவருக்கு முன்பு, நாடு விடுதலை பெற்ற நாட்களில், தில்லியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர்களில் ஒருவர் பூர்ணம் விஸ்வநாதன். பிற்காலத்தில் சினிமாவில் நடித்தாரே, அவரேதான். இவர்களெல்லாம் வேலைக்காகத் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள். வெளியே இருந்து உள்ளே பேசினார்கள். தில்லியின் அந்தத் தமிழ்ச் செய்தி பிற்பாடு சென்னைக்கு மாற்றப்பட்டுவிட்டது. ஆக, தமிழ்நாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு என்று வட்டம் சுருங்கியது.

காலைச் செய்திக்குப் பிறகு உழவர்க்கான பேச்சு. இதைக் கேட்டபோது அறையில் ஒரு மாற்றம் வந்ததை எழுதத்தான் வேண்டும். உரம், பூச்சி, அணையின் நீர்மட்டம், கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே போயிற்று. முப்பது ஆண்டுகளாகத் தோல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், தாம் விற்றுவிட்டு வந்த ஒன்றரைக் குறுக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவரை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

வானொலிப் பேச்சு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டீ. 27 என்ற குறுகிய கால நெல்லைக் கொடுத்தது. திருச்சி வானொலி நிலையம் அதை எப்படி நடுவது, எப்போது உரம் போடுவது என்று நாள் தவறாமல் உழவர் மொழியில் சொன்னது. தஞ்சை மாவட்டத்து உழவர்கள் அந்த நெல்லுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரை மறந்துவிட்டு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். ஒரு நெல்லுக்கு வானொலியின் பெயர் வைத்த மக்கள் வேறெங்காவது இருக்கிறார்களா என்று எங்களுக்குத் தெரியாது. அந்த நெல்லைப் பரப்பியது யந்திரம் அல்ல. கேட்பவன் யார், அவன் வயல் எது, அவன் பேச்சு எது என்று தெரிந்துகொண்டு பேசிய மனிதர்கள். தென்கச்சி கோ. சுவாமிநாதனும் இந்த உழவர் நிகழ்ச்சியில் பழகி வந்தவர்தான். அவர் சென்னை நிலையத்தில் சொன்ன 'இன்று ஒரு தகவல்' எப்படி ஊரைக் கட்டிப் போட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேடைத் தமிழ் பேசாமல் திண்ணைத் தமிழ் பேசினார். அவ்வளவுதான் ரகசியம்.

பகலில் மாதர் நிகழ்ச்சி, குழந்தைகளுக்குக் கதை, பாட்டு, மருத்துவர் பேச்சு, மறுபடி செய்தி. மும்பை நிலையத்தின் மராத்தி அலைவரிசையான அஸ்மிதாவையும் கேட்டோம். நல்ல நிகழ்ச்சிகள். மராத்தியைப் பள்ளியில் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் பெரியவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். மராத்தியத் தொழிலாளிகளுக்கென்று இந்த நிலையம் பல ஆண்டுகளாகத் தனி நிகழ்ச்சி நடத்தியதையும், கிரணி ஓடிய காலத்தில் சாலுக்குச் சால் அது கேட்டதையும் மூத்தவர்கள் நினைவுபடுத்தினார்கள். அது அவர்கள் மண், அவர்கள் மொழி. அவர்களுக்குக் கிடைத்ததைக் கண்டு நமக்குப் பொறாமை இல்லை.

இரவில் நாடகம். இங்கே பழைய சேதி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1950களில் ஆகாசவாணி நாடகங்களுக்கு ஒரு தேசிய நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஒரு மொழியின் நாடகத்தை எடுத்து மற்ற மொழிகளில் பெயர்த்து, ஒரே இரவில், அந்தந்த மொழி நிலையங்களில் ஒலிபரப்புவார்கள். குடியரசு தினத்தை ஒட்டி எல்லா மொழிக் கவிஞர்களையும் கூட்டி, ஒவ்வொரு கவிதையையும் மற்ற மொழிகளில் பெயர்த்துச் சொல்லும் கவியரங்கமும் 1956 முதல் நடந்து வருகிறது. மொழிபெயர்க்க இவர்களிடம் ஆள் இருக்கிறது, வழி இருக்கிறது, எழுபது ஆண்டுப் பழக்கமும் இருக்கிறது. கவிதையைப் பெயர்க்க முடிந்தவர்களுக்கு மழை எச்சரிக்கையைப் பெயர்க்க முடியாதா?

நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். காலை முதல் இரவு வரை கேட்டதில் தமிழ்நாட்டில் இருக்கும் தமிழனுக்குப் பேச்சு இருந்தது. கடல் கடந்த தமிழனுக்கும் ஆகாசவாணி பல பத்தாண்டுகளாகத் தனிச் சேவை நடத்தி வந்திருக்கிறது. இலங்கைத் தமிழர் கேட்பதற்கென்று தூத்துக்குடியில் 200 கிலோவாட் சக்தியில் ஒரு கோபுரமே நிறுத்தினார்கள். நல்ல காரியம்; குறை சொல்லவில்லை. உள்ளூர்த் தமிழனுக்கு உண்டு. அயல்நாட்டுத் தமிழனுக்கு உண்டு. இந்த நாட்டுக்குள்ளேயே இன்னொரு மாநிலத்தில் கல் உடைத்து, தோல் பதனிட்டு, இட்லி சுமந்து, கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி வாழ்கிற தமிழனுக்கு? அவன் வாழும் ஊரின் நிலவரத்தை அவன் மொழியில் நாள்தோறும் சொல்லும் ஐந்து நிமிட அறிக்கை ஒன்றை நாங்கள் அந்த ஒரு நாளிலும் கேட்கவில்லை. எங்கள் அனுபவத்தில் எந்த நாளிலும் கேட்டதில்லை.

நாம் கொஞ்சப் பேரா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 21 லட்சம் பேர். மகாராஷ்டிரத்தில் ஏறக்குறைய 5 லட்சம் பேர். ஆகாசவாணியோ 23 மொழிகளிலும் 179 கிளைமொழிகளிலும் ஒலிபரப்புவதாகவும், நாட்டின் மக்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் தன் ஒலி எட்டுவதாகவும் பெருமையோடு சொல்கிறது. எட்டுகிறது, உண்மை. நம் வீட்டுக் கூரைமேலும் அந்த அலை விழுகிறது. ஆனால் அது பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த கடிதம்.

1956 நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. வானொலியும் அந்தக் கோட்டின்படியே மொழியைப் பிரித்துக்கொண்டது. சென்னை என்றால் தமிழ், பம்பாய் என்றால் மராத்தி என்று பங்கு போட்டாயிற்று. ஆனால் ரயில் அந்தக் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. திருநெல்வேலியிலும் விழுப்புரத்திலும் சேலத்திலும் ஏறியவர்கள் தாதரிலும் கல்யாணிலும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அரசியல் சட்டத்தை எழுதியவர்களும் திருத்தியவர்களும் இதை மறக்கவில்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வசதி செய்ய வேண்டும் என்று அதே 1956-இல் 350-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். இந்த மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்தி வந்திருக்கிறது. தமிழில் பாடம் சொல்ல ஒரு மாநகராட்சியால் முடிந்திருக்கிறது. தமிழில் ஐந்து நிமிடம் பேச ஒரு தேசிய வானொலியால் முடியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

இது ஏதோ மொழி ஆசைக்காகக் கேட்பது என்று நினைப்பவர்களுக்கு 2005 ஜூலை 26-ஐ நினைவூட்டுகிறோம். அன்று ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரம் போயிற்று. தொலைபேசி போயிற்று. ரயில் தண்டவாளத்தில் இடுப்பளவு தண்ணீர். அந்த இரவில் பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் ஒன்றுதான் வெளியுலகத்தின் வாய். எங்கள் சந்தில் ஒரு வீட்டில் அது இருந்தது. சுற்றிலும் இருபது பேர் நின்றார்கள். எந்தப் பாலம் மூடியிருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கலாம், மித்தி நதிப் பக்கம் போகலாமா என்று அந்தக் குரல் சொன்னது. நின்ற இருபது பேரில் அது முழுதாகப் புரிந்தது நான்கு பேருக்கு. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு மருமகள், கணவன் வேலைக்குப் போன திசையைக் கைகாட்டி, "அந்தப் பக்கத்தைப் பத்தி என்ன சொல்லுதாங்க அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே நின்றாள். கணவன் மறுநாள் நடந்தே வந்து சேர்ந்தார். அந்த ஓர் இரவை அவளுக்குக் குறைத்திருக்க முடியும்.

பிறகு 2020 மார்ச் 24. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் இந்தியில் பேசினார். நள்ளிரவு முதல் நாடு அடைப்பு. இடையில் இருந்தது நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் ஓர் ஆச்சி பேரனைப் பார்த்து, "என்னலே சொல்லுதாரு? கடை உண்டா, இல்லியா?" என்று கேட்டதை நம் தோழர் ஒருவர் இன்றும் சொல்லிக்காட்டுவார். பேரனுக்குத் தெரிந்த இந்தி சினிமா இந்தி. "எல்லாம் மூடுதாங்க ஆச்சி" என்று மட்டும் சொன்னான். பால் கிடைக்கும், மருந்து கிடைக்கும் என்பது வீட்டுக்குத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் தொற்று கண்டார்கள். அன்று முதல் எங்கள் கைப்பேசிகளில் வந்து விழுந்த குரல்பதிவுகளுக்குக் கணக்கில்லை. கபசுரக் குடிநீர் குடித்தால் போதும் என்றது ஒன்று. ராணுவம் வருகிறது என்றது இன்னொன்று. இவையெல்லாம் நல்ல தமிழில், நெல்லைத் தமிழில், வேலூர்த் தமிழில் வந்தன. பொய் நம் தாய்மொழியில் வந்தது. மெய் நமக்குத் தெரியாத மொழியில் வந்தது. எதை நம்புவார்கள் மக்கள்? ஏப்ரல் 14 அன்று ரயில் விடுகிறார்கள் என்ற பேச்சை நம்பி பாந்திரா நிலையத்தின் முன் வடநாட்டுத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் கூடி அடிபட்டதை நாம் பார்த்தோம். உண்மையில் தொழிலாளர் ரயில்கள் ஓடத் தொடங்கியது மே முதல் நாள்.

வதந்திக்கு வேலை எப்போதும் பிழைக்க வந்தவன் மத்தியில்தான். காவிரி இடைக்கால ஆணை அரசிதழில் வெளியான 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர் குடிசைகள் எரிந்தன. உடுத்திய துணியோடு ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டி ஓடினார்கள். ஓடியவர்களில் எத்தனை பேர் நெருப்பைப் பார்த்து ஓடினார்கள், எத்தனை பேர் பேச்சைக் கேட்டு ஓடினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. 2012 ஆகஸ்டில் அதே பெங்களூரிலிருந்து வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் குறுஞ்செய்தி வதந்திக்குப் பயந்து ரயில் ரயிலாக ஊர் திரும்பினார்கள். அரசு என்ன செய்தது? ஒரு நாளைக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பக் கூடாது என்று தடை போட்டது. வாயை மூடத் தெரிந்தது. அவர்கள் மொழியில் ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தோன்றியதா என்பதுதான் எங்கள் கேள்வி.

நாம் பேசுவது தமிழனுக்கு மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகள் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்த பையன்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு நிலையத்துக்கு ஓடினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. தமிழகக் காவல்துறை இந்தியில் பேசி அச்சம் தீர்க்க வேண்டியிருந்தது. அந்தச் சேதியைப் படித்தபோது எங்களுக்கு 1960களின் பம்பாய் நினைவுக்கு வந்தது. லுங்கிக்காரன் வேலையைப் பறிக்கிறான் என்று நம்மைப் பார்த்துச் சொன்ன காலம் அது. இன்று நம் ஊரில் வடக்கிலிருந்து வந்தவனைப் பார்த்து நம்மவரே அதைச் சொல்லக் கேட்கிறோம். அதைச் சொல்ல நமக்கு, அதிலும் மும்பைத் தமிழனுக்கு, வாய் வரலாமா? ஆகையால் மும்பையில் தமிழுக்குக் கேட்கும் அதே மூச்சில், கோவை வானொலியில் இந்திக்கும் ஒடியாவுக்கும் வங்காளிக்கும் ஐந்து ஐந்து நிமிடம் கேட்கிறோம். இதில் மனவருத்தப்படும் நண்பர்கள் இருப்பார்கள். இந்தித் திணிப்பை எதிர்ப்பதும், பசியோடு வந்த இந்திக்காரத் தொழிலாளிக்குப் புரியும்படி பேசுவதும் வேறு வேறு.

"அதுதான் கைப்பேசி இருக்கிறதே, சென்னை வானொலி அதில் கேட்கிறதே" என்று இளைய தோழர்கள் சொல்கிறார்கள். கேட்கிறது. அந்த ஞாயிறன்று நாங்களும் அப்படித்தான் கேட்டோம். ஒரு காலத்தில் சென்னையின் 720 கிலோ ஹெர்ட்ஸைப் பிடிக்க இரவு பத்து மணிக்கு மேல் பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தவர்களுக்கு இது அதிசயம்தான். ஆனால் சென்னை வானொலி சென்னை மழையைச் சொல்லும். நம் வீட்டுக்குள் வருவது மும்பை மழை. குர்லா ரேஷன் கடையைப் பற்றியும், மாநகராட்சி மருத்துவமனையில் எந்தக் கிழமை தடுப்பூசி என்பதைப் பற்றியும் சென்னை எப்படிச் சொல்லும்?

"மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்" என்பார்கள் வேறு சிலர். கற்றிருக்கிறோம். நம் பிள்ளைகள் மராத்தியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்குகிறார்கள். ஆனால் நேற்று ரயிலில் இறங்கியவன் இன்று கற்க முடியாது. அறுபது வயதில் மகனோடு வந்து சேர்ந்த தாயும் கற்க மாட்டாள். வெள்ளம் அவர்களுக்காகக் காத்திருக்காது.

"கேட்டால் கொடுப்பார்களா?" என்பது மூன்றாவது கேள்வி. சரித்திரம் நம் பக்கம் இருக்கிறது. 1952-இல் அமைச்சரான கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களைக் கெடுக்கிறது என்று ஆகாசவாணியிலிருந்து அதை ஒதுக்கினார். மக்கள் மனுக் கொடுக்கவில்லை, கூட்டம் போடவில்லை. பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். மயில்வாகனமும், பின்னால் கே.எஸ். ராஜாவும், அப்துல் ஹமீதும் நம் வீட்டு மனிதர்கள் ஆனார்கள். ஐந்தே ஆண்டில், 1957 அக்டோபர் 3 அன்று, ஆகாசவாணி இறங்கி வந்து விவித பாரதியைத் தொடங்கியது. பாட்டுக்காக இறங்கி வந்தவர்கள் உயிருக்காக இறங்கி வர மாட்டார்களா?

சட்டமும் நம் பக்கம்தான். 1990-இல் நிறைவேறி 1997-இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படித்துப் பார்க்க வேண்டும். நாட்டின் பல்வேறு மொழிகளுக்கும் பண்பாடுகளுக்கும் போதிய இடம் தருவது, உழைக்கும் வர்க்கத்தின் உரிமைகளைக் காத்து அதன் நலனை வளர்ப்பது, சிறுபான்மையினரின் தனித் தேவைகளை எண்ணி நிகழ்ச்சி தருவது ஆகியவை அந்த நிறுவனத்தின் கடமைகள் என்று எழுதியிருக்கிறது. மொழியிலும் நாம் வருகிறோம், உழைப்பிலும் வருகிறோம், சிறுபான்மையிலும் வருகிறோம். வான் அலைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. தனியார் எஃப்.எம். நிலையங்களுக்குச் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவே. ஆகவே செய்திக்கு இந்த ஒரு வாசல்தான் தட்ட வேண்டிய வாசல்.

வேறு நாட்டில் எப்படி என்று ஒருவர் கேட்டார். இங்கிலாந்தில் பி.பி.சி.யின் நான்காம் வானொலி 1967 முதல் பெரும்பாலும் பேச்சை மட்டுமே வைத்து நாள் முழுதும் நடக்கிறது. விடியற்காலையில் உழவர் செய்தி, பிறகு அரசியல், காலையில் மாதர் நேரம், 1951 முதல் ஓயாமல் ஓடும் ஒரு கிராமத்துத் தொடர் நாடகம், கடலோடிகளுக்கு வானிலை. நம் ஆகாசவாணியின் நாளும் ஏறக்குறைய அதே அச்சில் வார்த்ததுதான். ஆனால் அவர்கள் அங்கே குடியேறிய ஆசியர்களுக்கென்று தனி வானொலியை 2002-இல் நாடு முழுதும் விரித்தார்கள். அவர்களிடம் குறை இல்லாமல் இல்லை. 1941-இல் தொடங்கிய தமிழோசை வானொலியை 2017 ஏப்ரலோடு நிறுத்தியவர்களும் அவர்களே. அதை இங்கே சொல்லக் காரணம், குறைப்பது எல்லா இடத்திலும் எளிதாக நடக்கிறது என்பதுதான். நாட்டின் நடுவே நாக்பூரிலிருந்து 1988 முதல் இரவெல்லாம் பேசிய ஆகாசவாணியின் தேசிய அலைவரிசையையும் 2019 பிறக்கும் வேளையில் மூடினார்கள். இரவுக் காவல்காரர்களும் லாரி ஓட்டிகளும் கேட்டது அது. கேட்பவன் குரல் கொடுக்காவிட்டால் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போகும்.

சமூக வானொலி என்ற வழி ஒன்றும் உண்டு. 2006 முதல் தொண்டு அமைப்புகளும் சிறு வானொலி நடத்தலாம். பதிவு செய்து மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். 100 வாட் சக்தி. ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் வரை கேட்கும். தாராவிக்கு அது தாராளம். ஆனால் அரசியல் கட்சிகளுக்கும் அவற்றின் கிளை அமைப்புகளுக்கும் அது கிடையாது. இந்த இதழ் எழுதும் எழுத்தைப் பார்த்தால் நமக்கு உரிமம் தருவார்களா என்பது சந்தேகம்தான்! நம் மாதர் குழுக்களும் படிப்பகங்களும் தனியே முயன்று பார்க்கலாம். ஆனால் அதைக் காட்டி ஆகாசவாணியைக் கடமையிலிருந்து விடுவித்துவிடக் கூடாது.

ஆகவே மனு தயாராகிறது. கேட்பது பெரிதல்ல. மும்பை, பெங்களூர், தில்லி, கொல்கத்தா, அகமதாபாத் போன்ற நகரங்களின் நிலையங்களில், அங்கே உழைக்க வந்தவர்களின் மொழிகளில், நாளுக்கு ஐந்து நிமிடம். அந்த ஊரின் வானிலை, ரயில், மருத்துவமனை, கூலிச் சட்டம், ரேஷன். ஆபத்து நாட்களில் மணிக்கு ஒரு முறை. பாட்டு வேண்டாம், பாட்டுக்கு வேறு இடம் இருக்கிறது.

வருகிற மாதம் முதல் இரண்டு ஞாயிறுகளும் மாலை நான்கு மணிக்குச் சங்க அறையில் அஞ்சலட்டை எழுதுகிறோம். எழுதத் தெரியாத தாய்மார்கள் வாயால் சொன்னால் பள்ளிப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். தமிழில் எழுதலாம், மராத்தியிலும் எழுதலாம். இரண்டிலும் எழுதினால் இன்னும் நல்லது. எந்த நேரத்தில் அந்த ஐந்து நிமிடம் வேண்டும் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். இட்லி அவித்து விற்பவர்கள் காலை ஐந்து மணி என்கிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இரவு ஒன்பது என்கிறார்கள். செயற்குழுவில் இரண்டு முறை பேசியும் இதில் இன்னும் முடிவாகவில்லை.